வண்டி மாறி ஏறிய இருபத்தோரு நிமிடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ யாரிடமோ சொல்லி என் காதுக்கு வந்த கதை இல்லை. அந்த ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். இந்த இரண்டு கையாலும் பிடித்தேன். வலது கை சுண்டுவிரல் நுனியில் இன்று வரை உணர்ச்சி கிடையாது. டாக்டர் அதற்குப் பனிக்கடி என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொள்ளட்டும். நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. ஆனால் சின்னக் குழந்தையைக் காரில் வைத்துவிட்டுக் கடைக்குள் ஓடுகிறவர்கள் மட்டும் கடைசி வரை படித்துவிட்டுப் போங்கள்.

என் பெயர் தோமோயோ. நீகாத்தா மலைப்பக்கம் வீடு. அரிசி பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. கணவர் ஷின்பேய் ஊரில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், வாகாபா. ஆறு வயது. வாய் மட்டும் அறுபது வயது.

எங்கள் கார் ஆரஞ்சு நிறம், வெள்ளைக் கூரை. எங்கள் நாட்டில் குட்டிக் கார்களுக்கென்றே போடுகிற மஞ்சள் நம்பர் பிளேட். நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவதாக ஒரு பை வைக்க இடமிருக்காது. ஆனால் அதன் தோரணையைப் பார்க்க வேண்டுமே! உருண்டை விளக்கு, தூக்கி நிற்கிற டயர், சுற்றிலும் கறுப்புக் கவசம், கூரையில் இரட்டைக் கம்பி... ஏதோ காட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பின மாதிரி. வாங்கின அன்று ஷின்பேய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எலிக்குட்டி கரடி வேஷம் போட்டிருக்குடி" என்றார். எலிக்குட்டியோ கரடியோ, நாலு சக்கரமும் இழுக்கும், பனியில் சிக்காது. அதனால் எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இதே கார்தான் நிற்கும். பாதிக்கு மேல் இதே ஆரஞ்சும் வெள்ளையும். நானே இரண்டு முறை அடுத்தவர் காரின் கதவை இழுத்துவிட்டு, அசடு வழியக் குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. பனிக்காலத்தில் கடைக்கு வந்தால் எங்கள் ஆட்கள் இன்ஜினை அணைக்கமாட்டார்கள். அணைத்தால் பத்து நிமிடத்தில் கண்ணாடி உறைந்துவிடும். பூட்டவும் மாட்டார்கள். யார் திருடப்போகிறார்கள்?

ஜனவரி 23, வியாழக்கிழமை. மதியத்திலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாகாபாவை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். கணவாய் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு கடைதான். அங்கே நிறுத்தும்போது மணி 4:09. எல்லோரையும் போலப் பின்பக்கமாகத்தான் நிறுத்தினேன். பின்னால் வாரித் தள்ளிய பனிமேடு. பம்பர் மெத்தென்று போய் அதில் இடித்தது. சரி, நின்றுவிட்டது என்று விட்டுவிட்டேன்.

"அம்மா, எனக்கு பீட்சா பன்."

"இருந்தா வாங்கறேன்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா இறைச்சி பன். வாய மூடிட்டுத் திங்கணும்."

"இறைச்சி பன் வாங்கினா உன்கூடப் பேசவே மாட்டேன்."

"அந்தப் புண்ணியத்தப் பண்ணு முதல்ல."

தலை ஈரமாக இருந்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திவிட்டேன். "இங்கயே இரு, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

உள்ளே கல்லாவில் நாகாஹாமா நின்றிருந்தார். கடை அவருடையதுதான். அறுபதைத் தாண்டியவர். பனிக்காலத்தில் வருகிறவர்கள் எல்லோரிடமும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். அன்றைக்கு என் முறை.

"காரோட புகைக்குழாய் பனிக்குள்ள இல்லையே?"

"இல்ல இல்ல" என்றேன். பார்க்காமலேயே சொன்னேன். எனக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், இந்த மனுஷனுக்கு வேறு வேலையில்லை என்று எரிச்சல் வேறு.

பீட்சா பன் தீர்ந்துபோயிருந்தது. இறைச்சி பன் இரண்டு, பால் ஒரு பாக்கெட். வெளியே வந்தபோது 4:16.

பனி குறுக்காக அடித்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஆரஞ்சு தெரிந்தது. மேலே வெள்ளை தெரிந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், சாத்தினேன். அப்பாடா! ஹீட்டர் சூடு முகத்தில் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் போர்வை. தலை வரை மூடியிருந்தது.

"இறைச்சி பன்தான். சண்டைக்கு வராதே" என்றேன்.

பதில் இல்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வண்டியைக் கிளப்பினேன்.

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஐந்து நிமிடம் முன்புவரை இப்படி இல்லையே என்று தோன்றியது. தடித்த குளிர்கோட்டு போட்டிருந்தேன், அதனால் இருக்கும் என்று விட்டேன்.

'கிளிங்... கிளிங்...'

முழங்கால் பக்கம் ஏதோ தொங்கி ஆடியது. சின்ன இரும்புச் சத்தம். பையின் ஜிப்பாக இருக்கும்.

ஒரு பன்னை எடுத்துப் பின்பக்கம் நீட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. சின்ன விரல்கள் என் விரலில் பட்டன. பன்னை வாங்கிக்கொண்டன.

சுட்டது. பன் இல்லை. விரல்.

"காய்ச்சலா வாகாபா? உடம்பு சுடுதே?"

தாளைப் பிரிக்கிற சத்தம்கூட இல்லை. பசியில் துடித்த குழந்தை பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். ரோஷம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது, அது இப்படித்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

4:24. இந்த நேரத்துக்குக் கணவாயின் முதல் வளைவு வந்திருக்க வேண்டும். கடையிலிருந்து மூன்றே நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற பாதை அது. வளைவு வரவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் தேவையே இல்லாமல் ரோடு நேராகப் போனது.

எதிரே ஒரு விளக்கு இல்லை. பின்னால் ஒரு விளக்கு இல்லை. டயர் பனியை நசுக்கும் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. இன்ஜின் மட்டும் ஒரே சீராக உறுமியது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

'கிளிங்... கிளிங்...'

4:29.

"அம்மா."

அப்பாடா, வாயைத் திறந்தாளே என்று நிம்மதி. குரல் மட்டும் கரகரப்பாக இருந்தது. தூங்கி எழுந்த குரல்.

"என்ன கண்ணு?"

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

"எப்பவும் அதையேதான் சொல்றே."

வாகாபா அப்படிப் பேசமாட்டாள். அவள் கத்துவாள், காலை உதைப்பாள், கணக்குக் கேட்பாள். இந்தக் குரலில் கோபமே இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன குரலாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். போர்வை. தலை வரை. அசையவில்லை.

போர்வை நீலமா... எங்கள் போர்வை பச்சை. இருட்டில் அப்படித் தெரிகிறதா?

4:34. போன் அடித்தது.

திரையில் பெயர்... வாகாபா.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் வாங்கிக் கொடுக்கிற குட்டிப் போன். கழுத்திலேயே தொங்கும். பின்னாலிருந்து அழைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, எங்க இருக்கே? ஒரு பன் வாங்க இவ்ளோ நேரமா?"

அதே குரல். அதே சண்டை. என் மகள்.

கால் பிரேக்கை மிதித்தது. கார் நின்ற மாதிரி தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த மாதிரியும் தெரியவில்லை.

"வாகாபா... நீ எங்க இருக்கே?"

"கார்லதான். நீதானே இங்கயே இருன்னு சொன்னே?"

நான் குனிந்து பார்த்தேன். முழங்கால் பக்கம் தொங்கி ஆடியது ஒரு சாவிக்கொத்து. ஸ்டியரிங்குக்குக் கீழே, சாவி துவாரத்தில். என் காரில் சாவி துவாரமே கிடையாது. பட்டன்தான்.

வண்டி மாறி ஏறியிருக்கிறேன்.

அப்படியானால் பின்னால்...

"அம்மா" என்றாள் வாகாபா, போனில், குரலை இறக்கி. "முன்னாடி உக்காந்திருக்கற ஆன்ட்டி யாரு?"

"எந்த ஆன்ட்டி?"

"டிரைவர் சீட்ல. நீ போனதுமே வந்தாங்க. நான் நீன்னு நெனச்சேன். திரும்பவே மாட்டேங்கறாங்க. தலையெல்லாம் பனி. ஹீட்டர் ஓடுது, ஆனா உருகவே மாட்டேங்குதும்மா."

"எதாவது சொன்னாங்களா?"

"இல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழ எதையோ தேடறாங்க. தேடிக்கிட்டே இருக்காங்க. அம்மா... எனக்குத் தல வலிக்குது. தூக்கம் தூக்கமா வருது."

அந்த ஒரு வார்த்தையில் பேயெல்லாம் மறந்துபோனது.

தலைவலி. தூக்கம். பின்னால் பனிமேடு. மெத்தென்று இடித்த பம்பர். புகைக்குழாய் அந்தப் பனிக்குள். இன்ஜின் இருபத்தைந்து நிமிடமாக ஓடுகிறது. விஷக்காற்று போக வழியில்லாமல் உள்ளே ஏறுகிறது. எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருவராவது இப்படித் தூங்கிப்போவார்கள். எழுப்ப முடியாது.

நாகாஹாமா கேட்டாரே! ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்திருந்தால் என்ன?

"வாகாபா! கதவத் திற. உடனே வெளிய வா!"

"திறக்க வரல."

பின் கதவை உள்ளிருந்து திறக்கவிடாத குழந்தைப் பூட்டு. நான் போட்டது.

"ஜன்னல இறக்கு!"

"அதுவும் வரல."

அதையும் நான்தான் பூட்டினேன். போன வாரம் விளையாடினாள் என்று.

"முன்னாடி ஏறி வா. முன் கதவு திறக்கும்."

"ஆன்ட்டி இருக்காங்களே..."

"இருக்கட்டும்! வாடி செல்லம். ஏறி வா!"

"கால்... கால் வரலம்மா..."

குரல் குழைந்தது. கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவிச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பஸ்ஸர்! போன்ல கயிறு இருக்கில்ல? இழு! டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்கள்ல, யாராவது பிடிச்சா இழுக்கணும்னு? இழுடி!"

"யாரும்... பிடிக்கலியே..."

"இழுடீ!"

ஒரு நொடி.

இரண்டு நொடி.

'பீஈஈஈஈஈஈ...!'

போன் அலறியது. காது கிழிகிற சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, என் கழுத்துக்குப் பின்னால், மிக அருகில்...

"அம்மா. போன்ல யாரு?"

மூச்சு பட்டது. சூடாக.

நான் திரும்பவில்லை.

சின்னக் கை என் கோட்டைப் பிடித்தது.

கதவைத் திறந்தேன்.

விழுந்தேன்.

பனி. இடுப்பு வரை.

எழுந்தேன்.

எதிரே... நாற்பது அடி தூரத்தில்... கடையின் விளக்கு.

நான் எங்கேயும் போகவே இல்லை.

ஓடினேன். பனியில் ஓட முடியாது. நீந்தினேன், தவழ்ந்தேன், எப்படியோ போனேன். பஸ்ஸர் அலறிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே, பின்னாலிருந்து இன்னொரு சத்தம்.

'டொக்... டொக்... டொக்...'

உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை. என் பிள்ளை முன்னால் இருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நாகாஹாமா எனக்கு முன்னால் ஓடிப் போயிருந்தார். பஸ்ஸர் சத்தம் கேட்டதும் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது வாகாபா அவர் தோளில் கிடந்தாள். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை வாந்தி எடுப்பதைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட தாய் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள். முன் சீட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. சீட் மட்டும் நனைந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இன்னும் பத்து நிமிடம் இன்ஜின் ஓடியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நல்லவேளை, இன்ஜினை அணைத்தீர்கள் என்றார்.

நான் அணைக்கவில்லை. நாகாஹாமாவைக் கேட்டேன். அவர் கதவைத் திறந்தபோதே அணைந்துதான் இருந்ததாம்.

மறுநாள் வாகாபா தெளிந்து உட்கார்ந்து ஜெல்லி தின்றுகொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"ஆன்ட்டிதாம்மா அணச்சாங்க" என்றாள், கரண்டியை நக்கிக்கொண்டே. "அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. சாவியத் தேடறாங்க! இங்க சாவியெல்லாம் இல்ல, பட்டன்னு நான்தான் காட்டிக் கொடுத்தேன். பஸ்ஸர் இழுத்தப்புறம். அமுக்கினாங்க. அப்புறம் என்னத் திரும்பிப் பாத்தாங்க."

"பாத்து?"

"அழுதாங்க. நான் அவங்க பாப்பா இல்லையாம். சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க."

ஷின்பேய் என்னைப் பார்த்தார். நான் ஷின்பேயைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து நன்றி சொல்லப் போனேன். எங்கள் கம்பெனி பிஸ்கட்டில் பெரிய டப்பா ஒன்று எடுத்துக்கொண்டேன். காலை 10:30. நல்ல வெயில். கடையில் வேறு ஆள் இல்லை. நாகாஹாமா என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய், "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்று கேமரா பதிவைப் போட்டார்.

4:16. நான் வெளியே வருகிறேன். என் காரைத் தாண்டி நடக்கிறேன். வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் மூலைக்குப் போகிறேன். அங்கே எந்தக் காரும் இல்லை. வெறும் பனிமேடு. காற்றில் கையை நீட்டி எதையோ இழுக்கிறேன். பனிக்குள் உட்காருகிறேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வட்டமாகப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு முறை ஒரு கை மட்டும் பின்னால் போகிறது. பன்னோடு போகிறது. திரும்பி வரும்போது பன் இல்லை.

4:37 வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பதிவை நிறுத்தினார். டீ ஊற்றிக் கொடுத்தார். பின் சீட்டில் போர்வைக்குள் ஒரு பாப்பா இருந்ததை மட்டும் அவரிடம் சொன்னேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எட்டு வருஷமாச்சு. அன்னிக்கும் இப்படித்தான் பனி. ஒரு பொண்ணு வந்தா. வெளியூர். உங்க கார் மாதிரியே ஆரஞ்சு, வெள்ளை. பாப்பா பின் சீட்ல தூங்குது, இன்ஜினை ஓடவிட்டுட்டு உள்ள வந்தா. பால் வாங்கினா. வெளிய போனா. அங்க அதே மாதிரி இன்னொரு கார் ஓடிட்டு நின்னுச்சு. பின் சீட்ல அரிசி மூட்டை, மேல போர்வை போட்டு மூடியிருந்துச்சு. பனியில அவளுக்கு என்ன தெரியும்? அதுல ஏறிப் போயிட்டா."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"கணவாய் ஏறினதுக்கப்புறம்தான் போர்வைய விலக்கிப் பாத்திருக்கா. அலறியடிச்சுத் திரும்பியிருக்கா. மூணாவது வளைவுல வண்டி பள்ளத்துல விழுந்துடுச்சு. விடிஞ்சுதான் கண்டுபிடிச்சாங்க."

"பாப்பா?"

"அந்த மூலையில. நீங்க உக்காந்திருந்தீங்களே, அதே இடம். புகைக்குழாய் பனிக்குள்ள."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"ஒருத்தர் கூடவா பாக்கல? ஒரு கார் அவ்வளவு நேரம் ஓடிட்டு நிக்குது. கடையில ஆள் இருக்காங்க. எட்டிப் பாக்க ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

நாகாஹாமா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேம்மா. இந்த ஜன்னல் வழியா மூணு தடவ பாத்தேன். அஞ்சு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பணும்னு என் கார சூடு பண்ண வெச்சிருந்தேன். அடுத்த ஆள் வர லேட்டாச்சு. அது என் கார்னு நெனச்சுட்டேன். ஓடட்டும்னு விட்டுட்டேன்."

அரிசி மூட்டை அவருடையது.

வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. இருவரும் திடுக்கிட்டோம். அவர் பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க பின்னால இருந்தாளே... அந்தப் பாப்பா... எப்படி இருந்தா? தூக்கத்துலயே போயிருப்பா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. எட்டு வருஷமா அத வெச்சுதான் நான்..."

"தூங்கிட்டுதான் இருந்தா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லது, நல்லது" என்றார்.

பொய் சொன்னேன். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். இந்த ஜன்னலைப் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.